எப்பிஸ்கோப்பல் திருமண்டலத்தின் கூட்டங்கள், தியான முகாம்கள், பயிற்சிகள்: பாஸ்டன் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாஸ்டன் பக்கம் வேலைக்கு வரும் சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் சில, வீட்டுக்கு அருகிலிருக்கும் எப்பிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயத்தில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. ஆராதனை முறை பழகியதுதான், பாட்டுகளில் பல தெரிந்த ராகம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு காபி, அப்புறம் வீடு. அதோடு சரி. ஊரில் பாடகர் குழு, ஐக்கிய சங்கம், வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), அசனப் பண்டிகை என்று ஓடியாடி வேலை செய்தவர்கள் இங்கே கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆர்வம் இல்லாததால் அல்ல. ஊரில் உபதேசியார் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார். இங்கே அழைப்பு மின்னஞ்சலில் வரும், பதிவு செய்ய வேண்டியது நாம்தான். பேராயர் வருகை தொடங்கி குழந்தைகளின் முகாம் வரை ஒரு திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) ஆண்டு முழுவதும் நடத்துகிற பெரும்பாலான நிகழ்ச்சிகள் சாதாரண சபை மக்களுக்கானவை. இது தெரியாமலேயே பல ஆண்டுகளை நம்மவர்கள் கடத்திவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன். மாசசூசெட்ஸை மனதில் வைத்து எழுதினாலும், வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் இந்த வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: எந்தத் திருமண்டலம் என்று பாருங்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு எப்பிஸ்கோப்பல் திருமண்டலங்கள் உண்டு. 1784இல் அமைந்த மாசசூசெட்ஸ் திருமண்டலம் பாஸ்டனையும் கிழக்குப் பகுதியையும் கேப் காடையும் அதை அடுத்த தீவுகளையும் சேர்த்தது. 1901இல் பிரிந்த மேற்கு மாசசூசெட்ஸ் திருமண்டலத்தின் பேராலயம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது. லெக்ஸிங்டன், பர்லிங்டன், ஆக்டன், ஃப்ராமிங்ஹாம் எல்லாம் கிழக்கு. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற வெஸ்ட்பரோ, ஷ்ரூஸ்பரி இரண்டும் வூஸ்டர் கவுண்டி என்பதால் மேற்கு. வீடு வெஸ்ட்பரோவில், போகும் ஆலயம் ஃப்ராமிங்ஹாமில் என்றால் ஆலயம் எந்தத் திருமண்டலமோ அதுதான் உங்களுக்கும். பயிற்சிக்குப் பதிவு செய்யும்போது சபையின் பெயரைக் கேட்பார்கள். சில நிகழ்ச்சிகளில் சொந்தத் திருமண்டலத்தாருக்குக் கட்டணம் குறைவு என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: மாற்றுக் கடிதம்

சி.எஸ்.ஐ, உலகெங்குமுள்ள ஆங்கிலிக்கன் திருச்சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முழு உறுப்பு. எனவே நீங்கள் இங்கே அந்நியர் இல்லை. ஒரு எப்பிஸ்கோப்பல் சபையிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் கொண்டு மாறுவது போலவே, ஐக்கியத்தில் இருக்கும் வேறு திருச்சபையின் திருவிருந்து உறுப்பினரும் மாறலாம் என்று எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் சட்டமே சொல்கிறது. ஊரிலுள்ள சேகர குருவானவரிடம் ஞானஸ்நானம், திடப்படுத்தல் தேதிகளோடு ஒரு கடிதம் வாங்கி இங்குள்ள அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது நேரில் வாங்கிவிடுவதுதான் எளிது.

இந்தக் கடிதம் இல்லாமலும் ஆராதனைக்கு வரலாம், திருவிருந்து பெறலாம், முகாமுக்குப் போகலாம். ஆனால் பேராயர் உரிமம் தருகிற ஊழியங்களுக்கும் சபைத் தேர்தலுக்கும் உறுப்பினர் பதிவு வேண்டும். பின்னால் ஒருநாள் அவசரமாகத் தேடுவதைவிட இப்போதே முடித்துவிடுங்கள். திடப்படுத்தல் பெறாத பிள்ளைகள் இருந்தால், பேராயர் வருகையின்போது அது நடக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு சபைக்கும் பேராயர் வர வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாம் படி: நாள்காட்டியைப் படிக்கப் பழகுங்கள்

திருமண்டலத்தின் வாராந்திர மின்மடலுக்குப் பெயரைக் கொடுங்கள், சபையின் மடலுக்கும் தனியாகக் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு. திருமண்டல மடலில் வருகிற எல்லாவற்றையும் சபை மடலில் போட இடமிருக்காது.

ஆண்டின் ஓட்டம் பிடிபட்டால் எது எப்போது வரும் என்று நீங்களே சொல்லிவிடலாம். நிகழ்ச்சி ஆண்டு செப்டம்பரில் தொடங்கும். நவம்பரில் திருமண்டலக் கன்வென்ஷன் கூடுவது வழக்கம். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய அட்வெந்து நாட்களில் ஒருநாள் தியானங்கள் இருக்கும். ஜனவரியை ஒட்டிப் பல சபைகள் ஆண்டுக் கூட்டம் வைத்து, நம்மூர் சேகரக் கமிட்டி போன்ற வெஸ்ட்ரிக்குத் தேர்தல் நடத்தும். அது முடிந்த கையோடு புதிய வெஸ்ட்ரி உறுப்பினர்களுக்கும் பொருளாளர்களுக்கும் பயிற்சி வரும். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய லெந்து நாட்களில்தான் தியான நிகழ்ச்சிகள் குவியும். பரிசுத்த வாரத்தில் குருமார் பேராலயத்தில் கூடித் தங்கள் பொருத்தனைகளைப் புதுப்பிப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, பிள்ளைகளின் முகாம் மட்டும்தான்.

லெந்து தியானத்துக்கு லெந்து தொடங்கிய பிறகு இடம் தேடாதீர்கள். ஜனவரியிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

நான்காம் படி: பதிவே தேவையில்லாத ஒன்றில் தொடங்குங்கள்

ஒரு ஞாயிறு பாஸ்டன் காமனுக்கு எதிரே, ட்ரெமாண்ட் தெருவில் இருக்கும் புனித பவுல் பேராலயத்துக்குப் போய்விட்டு வாருங்கள். பார்க் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். 1820இல் கிரேக்கக் கோயில் பாணியில் கட்டியது. முகப்பின் முக்கோணத்தில் சிலுவையோ புனிதர் சிலையோ இருக்காது. நாட்டிலஸ் என்ற கடல் சங்கை நடுவே அறுத்தால் உள்ளே அறை அறையாகச் சுழன்று போகுமே, அந்த வடிவம்தான் பெரிதாக நிற்கிறது. 2013இல் வைத்தார்கள். வளர வளரப் புதிய அறை கட்டிக்கொண்டு நகர்கிற உயிர் அது. இந்தப் பேராலயத்தில் மன்னா என்ற பெயரில் வீடற்ற மக்களோடு சேர்ந்து ஒரு ஊழியம் நடக்கிறது. ‘சேர்ந்து’ என்பதை அழுத்தியே எழுதுகிறேன். சமைப்பது, பாடுவது, ஜெபம் நடத்துவது எல்லாவற்றிலும் அவர்களும் உண்டு.

மே மாதத்தில் அன்னையர் தினத்தன்று டார்செஸ்டரில் சமாதான நடைப்பயணம் நடக்கும். துப்பாக்கிச் சூட்டில் மகனை இழந்த ஒரு தாய் தொடங்கிய லூயிஸ் டி. பிரவுன் சமாதான நிறுவனம் 1996இலிருந்து நடத்துவது. இது திருமண்டலத்தின் நிகழ்ச்சி அல்ல, ஆனால் எப்பிஸ்கோப்பல் சபைகள் கூட்டமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். உங்கள் சபை போகிறதா என்று ஏப்ரலிலேயே கேட்டுவையுங்கள். இறந்துபோன பிள்ளைகளின் படம் போட்ட சட்டையோடு நடக்கும் குடும்பங்களின் பக்கத்தில் நடப்பதற்கு முன்பயிற்சி எதுவும் தேவையில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஐந்தாம் படி: பாதுகாப்புப் பயிற்சி

சேஃப் சர்ச் என்று சொல்வார்கள். குழந்தைகளையும் தளர்ந்த பெரியவர்களையும் துன்புறுத்தலிலிருந்து காப்பதற்கான பயிற்சி. ஞாயிறு பள்ளியில் கற்பிக்க, இளைஞர் குழுவுக்குத் துணையாகப் போக, வெஸ்ட்ரியில் உட்கார, நோயாளி வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோக என்று எதைச் செய்வதானாலும் இது முடிந்திருக்க வேண்டும். பெரும்பகுதி இணையவழிப் பாடங்கள்தான், வீட்டிலிருந்தே படிக்கலாம். எந்தப் பொறுப்புக்கு எந்தப் பாடங்கள் என்று திருமண்டலத்தில் ஒரு பட்டியல் இருக்கும். சபை அலுவலகத்தில் சொன்னால் உங்கள் பெயரில் கணக்கு திறந்துகொடுப்பார்கள். சான்றிதழுக்குக் காலாவதி உண்டு, பொதுவாக மூன்று ஆண்டு. கூடவே மாநில அரசின் குற்றப் பதிவுச் சோதனைக்கும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அதற்கு கோரி என்று பெயர்.

இதைக் கேட்டதும் நம்மவர்களில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ‘ஊரில் இருபது வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவனுக்கு என்ன சோதனை?’ என்கிறார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பேராயரும் இதே பாடங்களைப் படிக்கிறார். மூடிய அறையில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்ற ஒரு விதியே எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றும். பெரியவர் மரியாதை என்ற பெயரில் நம் சபைகளில் எத்தனை பிள்ளைகளின் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? மாசசூசெட்ஸில் 2002இலிருந்து குருமாருக்கும் சட்டப்படி ஒரு கடமை உண்டு. ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் அரசிடம் தெரிவித்தாக வேண்டும். 51ஏ அறிக்கை என்பது அதுதான். இந்தப் பயிற்சியை முடித்த பிறகு, உங்கள் பிள்ளை முகாமுக்குப் போகும்போது யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: தியான முகாம்

தியானக் கூட்டம் என்றால் நமக்கு ஒலிபெருக்கி, மூன்று செய்தி, இடையில் பாட்டு, மதியம் பிரியாணி. இங்கே ரிட்ரீட் என்பது பெரும்பாலும் மௌனம். அதை எதிர்பார்க்காமல் போனால் முதல் நாள் ஏமாற்றமாகவே இருக்கும்.

இந்தப் பகுதியில் மூன்று இடங்களைச் சொல்வேன். கேம்பிரிட்ஜில் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் புனித யோவான் சுவிசேஷகர் சங்கத்தின் மடம். 1866இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள கௌலியில் தொடங்கிய ஆண் துறவியர் சங்கம் இது. 1870இல் பாஸ்டனுக்கு வந்தார்கள். இதே கௌலி சகோதரர்கள் மும்பையிலும் பூனாவிலும் ஊழியம் செய்தவர்கள். அடுத்து, டக்ஸ்பரியில் புனித மார்கரெட் சகோதரிகளின் இல்லம். 1855இல் இங்கிலாந்தில் உருவான இச்சங்கத்தின் கன்னியர்மடம் கொழும்பு பொல்வத்தையிலும் உண்டு என்பதால், இலங்கை ஆங்கிலிக்கன் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே பழக்கமாக இருக்கலாம். மூன்றாவது ஆர்லிங்டனில் பெத்தானி ஜெப வீடு. பகல்நேர தியானத்துக்கும் ஆவிக்குரிய வழிகாட்டியோடு பேசுவதற்கும் ஏற்ற இடம்.

எடுத்த எடுப்பில் மூன்று இரவு பதிவு செய்ய வேண்டாம். முதலில் ஒரு நாள் கேம்பிரிட்ஜ் மடத்தின் மாலை ஜெபத்துக்குப் போய் உட்காருங்கள். யாரும் வரலாம். ஹார்வர்ட் ஸ்கொயர் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், ரயிலில் போங்கள். ஆலயம் முழுக்கக் கருங்கல். சகோதரர்கள் இரண்டு பக்கமாக எதிரெதிரே நின்று சங்கீதத்தை மாற்றி மாற்றிப் பாடுவார்கள். வசனத்தின் நடுவில் ஒரு இடைவெளி விடுவார்கள், ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். புதிதாக வருபவர்கள் அங்கேதான் அவசரப்பட்டு அடுத்த பாதிக்குள் குதிப்போம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இது பிடித்திருந்தால் அடுத்து ஒருநாள் தியானம். அதற்கும் அடுத்து ஓரிரவோ இரண்டு இரவோ. பதிவு செய்யும்போது வகையைக் கவனியுங்கள். தனியாக வந்து தங்கிப் போவது ஒன்று. தினமும் ஒரு சகோதரரைச் சந்தித்துப் பேசும் வழிகாட்டலோடு கூடியது இன்னொன்று. ஒரு தலைப்பில் குழுவாக நடப்பது மூன்றாவது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். நேரம் எப்படிப் போகும் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சாப்பாட்டு மேசையிலும் மௌனம் உண்டு. யாராவது ஒருவர் புத்தகம் வாசிப்பார், அல்லது வெறும் கரண்டிச் சத்தம்தான். உப்பு தேவை என்று நீங்கள் கை காட்டுவதற்கு முன்பே எதிரே இருப்பவர் அதை நகர்த்தி வைத்திருப்பார். பேச்சு இல்லாதபோது மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. இரவு கடைசி ஜெபத்துக்குப் பிறகு மறுநாள் காலை வரை முழு மௌனம். கைபேசியை அணைத்துவிடச் சொல்வார்கள். ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், அவசரத்துக்கு மடத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று மடத்தாரிடம் முன்பே சொல்லி வையுங்கள், மனம் அலையாது.

சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், ஒவ்வாமை என்று எது இருந்தாலும் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள். அங்கே போய்ச் சொல்வது சமையல்காரருக்குச் சிரமம். பணம் ஒரு தடையாக இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் கட்டணச் சலுகை உண்டு. உங்கள் குருவானவரிடமும் இதற்கெல்லாம் உதவத் தனி நிதி இருக்கும்.

ஏழாம் படி: பயிற்சிகள்

உரிமம் பெற்ற சபை ஊழியங்கள் என்று எப்பிஸ்கோப்பல் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு. ஆராதனை நடத்துபவர், பிரசங்கிப்பவர், உபதேசம் கற்பிப்பவர், திருவிருந்தில் பாத்திரம் கொடுப்பவர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டிலும் மருத்துவமனையிலும் இருப்பவர்களுக்குத் திருவிருந்து கொண்டுபோகிறவர். குருவானவர் பரிந்துரைக்க, பயிற்சிக்குப் பின் பேராயர் உரிமம் தருவார். குறிப்பிட்ட காலத்துக்குத்தான் அது செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது கடைசியாகச் சொன்ன ஊழியம். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆங்கில உச்சரிப்பை நினைத்துப் பிரசங்க பீடத்துக்குத் தயங்குபவர்கள்கூட ஒரு முதியவரின் படுக்கை அருகே உட்கார்ந்து ஜெபிக்கத் தயங்க மாட்டார்கள்.

வேதத்தை ஆழமாகப் படிக்க ஈ.எஃப்.எம் என்ற நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. டென்னசி மாநிலம் சுவானியிலுள்ள சவுத் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளி 1975இலிருந்து நடத்துகிறது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபைச் சரித்திரம், இறையியல் என்று போகும். தேர்வு கிடையாது, சிறு குழுவாக வாரந்தோறும் கூடிப் பேசுவார்கள். ஒவ்வோர் ஆண்டாகப் பதிவு செய்யலாம், இணையவழிக் குழுக்களும் உண்டு. வாசிக்க வேண்டியது நிறைய. சின்னக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் கணவனும் மனைவியும் ஒரே ஆண்டில் சேர வேண்டாம்.

இன்னொன்று சேக்ரட் கிரவுண்ட். அமெரிக்காவின் இனப்பாகுபாட்டு வரலாற்றைத் திரைப்படங்கள், வாசிப்புகள் வழியாகக் குழுவாகப் பேசும் தொடர், 2019இல் வந்தது. பூர்வகுடிகள், கறுப்பின மக்கள், லத்தீன் மக்கள், ஆசிய மக்கள் எல்லாருடைய கதையும் இதில் உண்டு. இது வெள்ளையரும் கறுப்பரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். சாதி பார்த்து ஆலயத்தில் இடம் பிரித்த, கல்லறையிலும் சுவர் எழுப்பிய சபைகளின் பிள்ளைகள் நாம். நம்மிடமிருந்து வர வேண்டிய பேச்சு அந்த அறையில் நிறைய இருக்கிறது. கட்டாயம் சேருங்கள்.

குருத்துவ அழைப்பு, உதவிகுருத்துவ அழைப்பு பற்றிய கூட்டங்களும் நாள்காட்டியில் வரும். அது சபையோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பகுத்தறிய வேண்டிய வழி. முதலில் குருவானவரிடம் பேசுங்கள்.

எட்டாம் படி: பிள்ளைகள்

1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனில் பார்பரா ஹாரிஸ் பேராயராக அபிஷேகம் பெற்றார். உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் முதல் பெண் பேராயர் அவர், கறுப்பினப் பெண்மணி. திருமண்டலத்தின் முகாம் நிலையம் நியூ ஹாம்ப்ஷயரின் கிரீன்ஃபீல்டில் ஏரிக்கரையில் அவர் பெயரில்தான் அமைந்தது. நம் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.

கோடை முகாம்களுக்குக் குளிர்காலத்திலேயே பதிவு தொடங்கிவிடும். தடுப்பூசிப் பதிவும் மருத்துவப் படிவமும் கேட்பார்கள், குழந்தை மருத்துவரிடம் வாங்க நாளாகும். கைபேசி பெரும்பாலும் அனுமதி இல்லை. நியூ இங்கிலாந்து காடுகளில் லைம் நோய் பரப்பும் உண்ணிகள் உண்டு. பூச்சி மருந்து கொடுத்தனுப்புங்கள், திரும்பி வந்ததும் காது மடிப்பு, முழங்கால் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

ஒன்பதாம் படி: கன்வென்ஷன்

இது நம் திருமண்டலப் பெருமன்றம் போன்றது. வரவு செலவுத் திட்டம், தீர்மானங்கள், தேர்தல். குருமாரோடு, ஒவ்வொரு சபையும் தேர்ந்தெடுத்து அனுப்பும் சபை மக்களும் வாக்களிப்பார்கள். ஊர்த் திருமண்டலத் தேர்தல்களில் கட்சி, வழக்கு, நீதிமன்றம் எல்லாம் பார்த்துச் சலித்தவர்கள் இதிலிருந்து விலகி நிற்பது புரிகிறது. ஆனாலும் ஒருமுறை பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். ஒலிவாங்கியின் முன் வரிசையில் நின்று, கொடுத்த நிமிடங்களுக்குள் பேசிவிட்டு, எதிர்த்துப் பேசியவரோடு மதிய உணவுக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம்.

பிரதிநிதியாக வேண்டுமென்றால் சபையின் ஆண்டுக் கூட்டத்துக்கு முன் குருவானவரிடம் விருப்பத்தைச் சொல்லுங்கள். பல சபைகளில் ஆள் கிடைக்காமல் தேடுகிறார்கள். தீர்மானங்கள் சில வாரம் முன்பே வந்துவிடும், அவற்றை விளக்கும் முன்கூட்டங்களும் நடக்கும். அந்த முன்கூட்டத்துக்குத்தான் கட்டாயம் போக வேண்டும், கேள்வி கேட்க அங்கேதான் நேரம் இருக்கிறது. இங்கிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடளாவிய பொதுக் கன்வென்ஷனுக்கும் பிரதிநிதிகள் போவார்கள். 2024இல் அது லூயிவில்லில் கூடி ஷான் ரோவைத் தலைமைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது.

பத்தாம் படி: நீங்களே ஒன்று நடத்துங்கள்

தமிழ் கிறிஸ்மஸ் பாடல் மாலையோ, அறுப்பின் பண்டிகையும் அசனமுமோ, தமிழில் ஒருநாள் தியானமோ எதுவானாலும் திருமண்டல நாள்காட்டியில் போடலாம். 1973இலிருந்து எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் ஆசிய அமெரிக்க ஊழியப் பிரிவு இயங்குகிறது, தெற்காசியருக்கு அதில் தனி அணி உண்டு. அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

தேதி குறிக்கும் முன் திருமண்டல நாள்காட்டியில் மோதல் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் சி.எஸ்.ஐ ஆராதனை முறையைப் பயன்படுத்துவதானால் குருவானவர் வழியாகப் பேராயரின் அனுமதி வேண்டும், அதை முதலில் கேளுங்கள். குழந்தைகள் பகுதி இருந்தால் பயிற்சி முடித்த இரண்டு பெரியவர்கள் தயாராக இருக்க வேண்டும். சமையலறையைப் பயன்படுத்த, மண்டபத்தில் அடுப்பு வைக்க என்று எல்லாவற்றுக்கும் வெஸ்ட்ரியின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அறிவிப்பில் நாள், நேரம், முகவரி, கட்டணம், சக்கர நாற்காலி வரும் வழி, எந்த மொழி, குழந்தை பராமரிப்பு உண்டா, பதிவுக்கான தொடர்பு ஆகியவை இருக்கட்டும். தமிழ் தெரியாதவர்களும் வரலாமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் தங்களுக்கு அழைப்பு இல்லை என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆறு வாரம் முன்பே திருமண்டலத் தகவல் தொடர்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள், ஒரு படமும் சேர்த்து.